படைத்தலைவிக்கு மூச்சு முட்டாத கவசம்

கல்லூரியில் சேர்ந்த முதல் வருடமே என் தங்கை ஒரு நாட்டின் படைத்தலைவி ஆகிவிட்டாள். அதே கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் நான், அதே நாட்டின் தட்டுமுட்டுச் சாமான்களுக்குப் பொறுப்பாளன். எங்கள் வீட்டில் திறமை சரிசமமாகப் பங்கிடப்படவில்லை என்று எனக்கு முன்பே தெரியும். நாடக மன்றம் அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டியதுதான் கொஞ்சம் அதிகம்.

படைத்தலைவிக்கு நாடகத்தில் நிறைய வேலை. வந்ததும் சபதம். நடுவில் மேடை முழுக்க ஓடிக்கொண்டே பேச வேண்டிய ஒரு முழ நீள வசனம். கடைசியில் சாவு. இதையெல்லாம் கவசம் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். சிக்கல் என்னவென்றால் என் தங்கைக்கு ஆஸ்துமா. அவள் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, இன்ஹேலர் இருக்கும்.

அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

“நடி. ஓடு. சாகறதுன்னாலும் சாவு, மேடையிலதானே. ஆனா இந்த நாடகத்தால உனக்கு ஒரு தடவை இழுத்துச்சுன்னு வை, அன்னிக்கோட சரி. அந்த டைரக்டர் தம்பி வேற ஆளப் பாத்துக்கட்டும்.”

வேறு ஆள் தயாராகவே இருந்தாள். இரண்டாம் வருடப் பெண். எல்லாரும் அவளை ‘ரிசர்வ்’ என்றே கூப்பிடுவார்கள். ஒத்திகை நடக்கும்போதெல்லாம் ஓரமாக உட்கார்ந்து, என் தங்கையின் வசனத்துக்கு வாயசைத்துக்கொண்டிருப்பாள். தங்கை ஒரு தும்மல் போட்டால் போதும், ரிசர்வ் எழுந்து நின்று துப்பட்டாவைச் சரிசெய்துகொள்வாள்.

டைரக்டர் என் வகுப்புக்காரன். “கவசம் நிஜமா இருக்கணும்டா” என்று மட்டும் சொன்னான். எவ்வளவு செலவு பண்ணலாம் என்று கேட்டதற்குக் கண்களை மூடி, “உணர்ச்சிதான் முக்கியம்” என்றான். பணம் இல்லை என்பதை இவ்வளவு அழகாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வாடகைக்கு எடுக்கலாம் என்று உடை வாடகைக் கடைக்குப் போனோம். அங்கே ஆணியில் ஒரு கவசம் தொங்கியது. போர்க்களம் எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆனால் எத்தனையோ பேருடைய வியர்வையை வாங்கி, எதையும் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தது. கடைக்காரர் அதைத் தட்டினார். உள்ளிருந்து தூசி எழுந்து எங்களை விசாரிக்க வந்தது. தங்கை மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டாள்.

“துவைக்க மாட்டீங்களாண்ணே?” என்றேன்.

“துவைச்சா பழைய காலத்து லுக் போயிடும் தம்பி” என்றார்.

ஆக, வீட்டிலேயே செய்வது என்று முடிவாயிற்று. எங்கள் வீட்டைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கீழே பட்டறை, மேலே வீடு. அப்பா கார்களுக்கு டிங்கரிங் பார்ப்பவர். நசுங்கியதைத் தட்டி நிமிர்த்தி, பட்டி வைத்து, பெயின்ட் அடிப்பார். அதே பட்டறையின் மறுபக்கத்தில் அம்மா கார்களுக்கு சீட் கவர் தைப்பாள். ஒரு கார் எங்களிடம் வந்தால் வெளிப்பக்கம் அப்பாவுக்கு, உட்பக்கம் அம்மாவுக்கு. குடும்பத்தில் சண்டை வராமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

கவசம் வெளிப்பக்கம் என்பதால் அப்பா கையில் எடுத்தார்.

“எங்கிட்ட விடுங்க. யானை மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது.”

“நாடகத்துல யானை கிடையாதுப்பா.”

“வந்தா?”

ஏதோ ஒரு காரின் பழைய பானட்டை வெட்டித் தட்டி வளைத்து, கதவுகளுக்குப் போடும் ரப்பரை ஓரத்தில் சுற்றி, முதுகில் டிக்கிக்கு வைக்கிற கொக்கியை வைத்து ஒரு மார்க்கவசம் செய்துவிட்டார். பார்க்க உண்மையிலேயே கம்பீரமாக இருந்தது. மாட்டிவிட்டு ‘டப்’ என்று கொக்கியை அடைத்தபோது அப்பாவின் முகத்தில், வண்டியை டெலிவரி கொடுக்கும் பூரிப்பு.

அம்மா பரீட்சை வைத்தாள். மொட்டை மாடி வரைக்கும் ஏற வேண்டும், அங்கே நின்று அந்த முழ நீள வசனத்தைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

தங்கை ஏறினாள். சத்தம் மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தது, ஆள் போனதாகத் தெரியவில்லை. முதல் திருப்பத்திலேயே நின்றுவிட்டாள். உட்காரலாம் என்றால் கவசம் மடங்காது. கழற்றி வைத்த கார் கதவை எப்படிச் சாத்தி வைப்போமோ அப்படிச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

“அண்ணா, மூச்சை இழுத்தா தகரம் இடிக்குதுடா. விட்டா வயித்தைக் கிள்ளுது.”

அம்மா ரப்பர் விட்டுப்போன ஓர் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்து, அந்த விரலை அப்பாவிடம் காட்டினாள். லேசாக ரத்தம்.

“ஏங்க, இது பொண்ணுக்கா, பம்பருக்கா?”

“எடையைக் குறைச்சா பலம் போயிடும்மா.”

“எதிரி கையில இருக்கறது அட்டைக் கத்திப்பா” என்றேன்.

“அட்டையோ என்னவோ, மோதினா தாங்கணும்ல.”

தகரம் தோற்றதும் டைரக்டர் உதவிக்கு வந்தான். கையில் தெர்மாகோல் பலகைகள். காற்றைப் போல எடை, சல்லிசான விலை. நானும் அவனும் மொட்டை மாடியில் உட்கார்ந்து ஒரு தலைக்கவசமும் இரண்டு தோள்பட்டைகளும் செதுக்கினோம். மாடி முழுக்க வெள்ளை மணிகள் பறந்தன. செதுக்கியதைக் காட்டுவதற்குத் தங்கையை மேலே கூப்பிட்டோம். அப்பாவின் பட்டறையிலிருந்து வெள்ளி நிற ஸ்ப்ரே டப்பாவை எடுத்துவந்து டைரக்டர் சர்ரென்று அடித்தான்.

தலைக்கவசம் எங்கள் கண்ணெதிரே உருக ஆரம்பித்தது. சர்க்கரைக் குவியலில் வெந்நீர் ஊற்றியதுபோல உள்வாங்கிக்கொண்டே போனது. கூடவே தொண்டையைப் பிடிக்கிற ஒரு நெடி. தங்கை வந்த வேகத்திலேயே கீழே ஓடினாள்.

டைரக்டர் குழிவிழுந்த தலைக்கவசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “போர்ல அடிபட்ட மாதிரி ஒரு லுக் வந்திருக்குல்ல?”

“அமிலத்துல அடிபட்ட மாதிரி இருக்குடா.”

கீழே அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரிப்பை அடக்கவே இல்லை. “ஸ்ப்ரேயில இருக்கற கரைப்பான் தெர்மாகோலைத் தின்னுடும்டா. இதுகூடத் தெரியாமயா பிசிக்ஸ் படிக்கற?” நான் வணிகவியல் மாணவன் என்பது என் அப்பாவுக்கு இன்னும் சொல்லப்படவில்லை போலும்.

மூன்றாவதாகக் கிடைத்ததுதான் உருப்படியான சாமான். எங்களுக்கு மேல் மாடியில் குடியிருப்பவர்கள் வீட்டில் குழந்தை தவழ்வதற்காக வாங்கிப் போட்ட ஃபோம் பாய்கள். ஒன்றோடொன்று பல் கோத்துக்கொள்ளுமே, அந்த வகை. குழந்தை இப்போது நடக்கக் கற்றுக்கொண்டு கண்டதையெல்லாம் உதைக்கிறது. பாய்கள் பால்கனியில் மாதக்கணக்கில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. “எடுத்துட்டுப் போங்கப்பா, புண்ணியமாப் போகும்” என்று அந்த வீட்டு அக்கா கொடுத்துவிட்டார். ஒவ்வொரு பாயிலும் ஒரு மிருகம் அச்சாகியிருந்தது. யானை, மீன், ஒட்டகம் என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று.

ஃபோம் வளைந்தது. கத்தரிக்கோலுக்கே வெட்டுப்பட்டது. கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை, இடித்தால் வலிக்கவில்லை. நான் காகிதத்தில் அளவு வெட்டிக் கொடுத்தேன். அப்பா துண்டுகளைச் செருப்புக்குப் போடும் பசையால் பட்டறையில் ஒட்டினார். மத்தியானத்துக்குள் மார், முதுகு, தோள் எல்லாம் தயார். அந்தப் பசை காயும்வரை மண்டையைக் கிறுகிறுக்க வைக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அதனால் தங்கையைக் கிட்டவே சேர்க்கவில்லை. அந்த மட்டும் நாங்கள் புத்திசாலிகள்.

தவறு வேறு இடத்தில் நடந்தது. டிங்கரிங் குடும்பத்தைத் தவிர வேறு யாருக்கும் அது தோன்றியிருக்காது. ஈரமாக இருக்கிற எதிலும் தூசி படக்கூடாது என்பது அப்பாவின் மதம். பெயின்ட் அடித்த கதவானாலும் சரி, பசை தடவிய கவசமானாலும் சரி, மூடிய இடத்தில்தான் காய வேண்டும். அவர் கவசத்தைப் பத்திரமாக எடுத்துப்போய், வெயிலில் நின்ற எங்கள் காரின் பின்சீட்டில் வைத்து, கண்ணாடிகளை எல்லாம் நன்றாக ஏற்றிவிட்டார்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு அதே காரில் ஒத்திகைக்குக் கிளம்பினோம். கவசத்தை டிக்கிக்கு மாற்றிவிட்டு ஏறினோம். நெடி எங்களுக்கு முன்னமே உட்கார்ந்திருந்தது. “கண்ணாடியை இறக்குங்க, போயிடும்” என்றார் அப்பா. போகவில்லை. சீட்டுக்குள்ளேயே இறங்கியிருந்தது. இரண்டாவது சிக்னலில் தங்கை பேசுவதை நிறுத்தினாள். அவள் தானாகப் பேச்சை நிறுத்துகிற ஜாதி இல்லை. முன்சீட்டிலிருந்து அம்மா திரும்பினாள். அதற்குள் எங்களுக்கும் கேட்டுவிட்டது, சின்ன விசில் போல ஒரு சத்தம்.

அப்பா வண்டியை ஓரங்கட்டினார். எல்லாக் கதவுகளையும், டிக்கியையும், எதற்கென்று தெரியாமல் பானட்டையும்கூடத் திறந்தார். தங்கை நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து இன்ஹேலரை அழுத்தினாள். அம்மா அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு எங்கள் யாரையும் பார்க்காமல் இருந்தாள். நான் வாட்டர் பாட்டிலைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன். கொஞ்ச நேரத்தில் விசில் அடங்கியது.

“தூசி படக்கூடாதுன்னுதான்…” என்றார் அப்பா.

அம்மா தங்கையின் போனை எடுத்து டைரக்டரைக் கூப்பிட்டாள். “தம்பி, அந்த இன்னொரு பொண்ணுகிட்டச் சொல்லிடுப்பா.”

தங்கை அழவில்லை, சண்டை போடவில்லை. வீட்டுக்கு வந்ததும் படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து அந்த நீள வசனத்தைச் சொன்னாள். சத்தமில்லாமல், வாயசைத்து மட்டும். ரிசர்வ் செய்வதுபோலவே. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. கிண்டல் செய்ய ஏதாவது அகப்படுமா என்று தேடினேன். அகப்படவில்லை.

சாயங்காலம் அவள் கீழே இறங்கி வந்தாள். அம்மா தையல் மிஷினில் ஒரு சீட் கவரை ஓட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தைத்து முடித்த ஒரு சீட் கிடந்தது. தங்கை மண்டியிட்டு, அந்த சீட்டில் முகத்தைப் புதைத்து நன்றாக மோந்து பார்த்தாள்.

“என்னடி பண்றே?”

“இதுலயும் ஃபோம்தானே இருக்கு? ஏன் நெடி வரல?”

“நான் தைக்கறவடி. எனக்கெதுக்குப் பசை?”

தங்கை நிமிர்ந்தாள். “அப்போ என்னையும் தை.”

மிஷின் நின்றது.

“சும்மா போடி.”

“இல்ல, கேக்கறேன். உக்காரப் போறவனுக்கு வேர்க்கக் கூடாதுன்னு சீட்டு நடுவுல துளை வெச்ச துணி போடறே. முதுகுல உறுத்தக் கூடாதுன்னு ஓரமெல்லாம் பைப்பிங் வெக்கறே. உக்காரப் போறவன் யாருன்னே உனக்குத் தெரியாது. நான் உன் பொண்ணும்மா.”

“மூச்சு வாங்கறப்பவாவது இந்த வாய் ஓயுமான்னு பாக்கறேன்.”

“அது ஓயாது. அதுக்குத்தான் எனக்கு இந்த வேஷமே குடுத்தாங்க.”

பானட்டைத் துடைப்பதுபோல நடித்துக்கொண்டிருந்த அப்பாவும், அதைப் பார்ப்பதுபோல நடித்துக்கொண்டிருந்த நானும் அப்படியே நின்றோம். அம்மா மிஷினிலிருந்து நூலை அறுத்தாள்.

“பொட்டு நெடி இருக்கக் கூடாது.”

“இருக்காது.”

“அதை நீ சொல்லாத. நான் பாத்துக்கறேன். ஏங்க, நீங்க கார்ல பண்ணின வேலையை நான் டப்பாவுல பண்ணப்போறேன். ஒரு பழைய பிஸ்கட் டப்பா எடுங்க.”

எந்தச் சாமானாக இருந்தாலும் அதில் ஒரு துண்டு டப்பாவுக்குள் போகும். மூடி, ஒரு பகல் முழுக்க வெயிலில் இருக்கும். பிறகு அம்மா திறந்து மூக்கை வைப்பாள். அந்த வாரம் எங்கள் வீட்டில் இதைவிடக் கடுமையான நுழைவுத்தேர்வு எதுவும் நடக்கவில்லை. மேல் வீட்டுப் பழைய பாய் பாஸ். போதாத துண்டுக்காக நான் கடையில் வாங்கிய புதுப் பாய் ஃபெயில். திறந்ததும் அம்மா டப்பாவைத் தள்ளிவைத்தாள். “இது குழந்தை தவழற பாயாம்!” மரவேலைக்குப் போடும் வெள்ளைப் பசை, காய்ந்த பிறகு பாஸ். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் தண்ணீர்ப் பெயின்ட்டும் காய்ந்த பிறகு பாஸ். ஸ்ப்ரேயை உள்ளே விடவே இல்லை.

அந்தக் கெட்டித் தண்ணீர்ப் பெயின்ட் ஸ்ப்ரே கன்னை அடைத்துவிடும், பிரஷ்ஷால்தான் அடிக்க வேண்டும் என்றதும் அப்பா உடைந்துபோனார்.

“பிரஷ்ஷா? நான் என்ன ஒண்ணாங்கிளாஸ் பையனா?”

“அவனுங்களாவது ஜன்னலைத் திறந்து வெச்சு அடிப்பானுங்க” என்றாள் அம்மா. அவர் பிரஷ்ஷை வாங்கிக்கொண்டார்.

செருப்புப் பசை பட்ட துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, மீதிப் பாய்களை அம்மா தன் முறைப்படி எடுத்துக்கொண்டாள். தங்கையை நிற்கவைத்து டேப்பைச் சுற்றினாள். “மூச்சை இழு. நல்லா இழுடி, மாடி ஏறினவ மாதிரி. ம், பிடி. இதுதான் அளவு.” அதற்கு மேலும் ஒரு கை நுழைகிற இடம் விட்டாள். துண்டுகளை மிஷினில் கொடுக்காமல், தடித்த ஊசியால் கையாலேயே கோத்தாள். உள்ளே பருத்தித் துணி, கழுத்து ஓரத்தில் உறுத்தாதபடி துணியை உருட்டித் தைத்த பைப்பிங். பக்கவாட்டில் மூடாமல் கயிறு போட்டு இழுத்துக் கட்டும்படி விட்டாள். அந்தச் சந்தில் காற்று போகும், வரும். இடுப்பின் உட்புறத்தில் இன்ஹேலருக்கு ஒரு சின்னப் பை. யானை படம் போட்ட பக்கம் உள்ளே போய்விட்டது. வெளிப்பக்கத்துக்கு வெள்ளைப் பசை பூசிக் காயவைத்து, கறுப்பு அடித்து, அதன்மேல் பஞ்சால் வெள்ளி நிறத்தை அப்பா ஒற்றி எடுத்தார். என்ன இருந்தாலும் தொழில்காரர். குழந்தைப் பாய் இரும்பாகிவிட்டது. தட்டிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

“ஹெட்ரெஸ்ட் வெக்கலையா?” என்றார் அப்பா.

“உங்களுக்கு வேணும்னா வெச்சுத் தர்றேன், வாயை மூடிக்கற மாதிரி.”

திறந்த மாடியில் நன்றாகக் காயவிட்டுத்தான் மாட்டினார்கள். தங்கை படியேறினாள். ஏறினாள் என்ன, ஓடினாள். மாடியிலிருந்து வசனம் முழுதாகக் கேட்டது. பக்கத்துக் கட்டடத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் பயந்து உள்ளே போனது எங்களுக்கும் தெரிந்தது. இறங்கி வந்ததும் அம்மா அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டாள். வெகுநேரம் கேட்டாள்.

“ம்” என்றாள்.

நான் டைரக்டருக்குப் போன் போட்டேன். ரிசர்வ் அந்தச் செய்தியை எப்படி எடுத்துக்கொண்டாள் என்று தெரியவில்லை. மறுநாள் ஒத்திகையில் பழைய ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள், துப்பட்டா சரியாக.

நாடகத்தன்று அரங்கம் நிறைந்திருந்தது. அப்பாவும் அம்மாவும் நடுவரிசையில். நான் திரைக் கயிற்றோடு பக்கவாட்டில் நின்றேன். என் பக்கத்தில் டைரக்டர், நகம் தீர்ந்துபோய் விரலைக் கடித்துக்கொண்டிருந்தான். தங்கை சபதம் செய்தாள். மேடை முழுக்க ஓடிக்கொண்டே அந்த வசனத்தை ஓர் எழுத்துகூட விழுங்காமல் சொல்லி முடித்தாள். கைதட்டல். அட்டைக் கத்தி அவள் மார்பில் பாய்ந்தது. அப்பா கவலைப்பட்டது வீண், கவசம் தாங்கிவிட்டது. கத்திதான் மடங்கியது. அவள் அதை நாசூக்காக மறைத்துக்கொண்டு, மல்லாந்து விழுந்து செத்தாள்.

அதன்பிறகு எதிரி அரசன் அவள் உடல் அருகே நின்று புகழாரம் சூட்ட வேண்டும். அந்த அரசன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு காபி குடித்துவிட்டு வருகிற அளவு இடைவெளி விடுபவன். அரங்கம் நிசப்தம். விளக்கு முழுவதும் தங்கையின்மேல். மார்பில் அசைவே இல்லை. அம்மா விட்டு வைத்த அந்தக் கை நுழைகிற இடத்துக்குள் தங்கை தாராளமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள். கவசம் தன் பாட்டுக்கு விறைப்பாக நிற்கிறது. செத்தவளாக இதைவிட நன்றாக ஒருத்தி கிடக்க முடியாது. டைரக்டர் என் தோளைப் பிடித்து, “நிஜம்டா… நிஜம்” என்றான், கண் கலங்க.

நான் நடுவரிசையைப் பார்த்தேன். அம்மா முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அரசன் அடுத்த இடைவெளியை விட்டான். அம்மா எழுந்தாள்.

“மூச்சு விடுடீ!”

படைத்தலைவி கண்ணைத் திறக்கவில்லை. கையையும் அசைக்கவில்லை. வாய் மட்டும் திறந்தது.

“விட்டுட்டுதாம்மா இருக்கேன்.”

அரங்கமே அரசனைப் பார்த்தது. அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. மனப்பாடம் செய்த அடுத்த வரியைச் சொன்னான்.

“இனி… இந்த வாய் பேசாது.”

அரங்கத்துச் சிரிப்பு கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. டைரக்டர் தரையில் உட்கார்ந்து, “இழுடா, திரையை இழுடா” என்றான். நான் இழுத்தேன், கொஞ்சம் நிதானமாகத்தான். படைத்தலைவியின் கவசம் அசையவே இல்லை. கால் விரல்கள் மட்டும் சிரிப்பில் குலுங்கின. அம்மா உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். திரும்பிப் பார்த்த முன்வரிசைக்காரரிடம், “என் பொண்ணுதான். ஒண்ணுமில்ல, நீங்க பாருங்க” என்றாள்.